லாச்சி வைத்தியம்

“டில்லியோட இனிப் பேச்சே இல்லை! எழுதும் காணும்!” மந்திரி சூசைதாசன் மேசையில் குத்தினார். மைக்கூடு துள்ளி விழுந்தது.

முதல் நாள் கொழும்பு வெள்ளவத்தையில் டில்லித் தூதுக்குழு வைத்த விருந்து. தங்கள் தலைவருக்கு ரோசா மாலை போட்டவர்கள், மந்திரிக்கு வெறும் செவ்வந்தி போட்டுவிட்டார்கள். ஒரு நாட்டைப் பகைக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

இலங்கை அரசாங்கக் கந்தோர்களில் நாட்கூலிக்கு வேலை செய்யும் இந்தியாக்காரர் அத்தனை பேரையும் மாத முடிவில் கப்பலேற்றுவதாக டில்லிக்குத் தந்தி. கிளாக்கர் ஸவாஹிர் சொன்னபடியே எழுதிக்கொண்டு வெளியே வந்தார்.

கதவோரம் நின்ற பியோன் அழகருக்குப் பாதி உயிர் போய்விட்டது. அவனும் நாட்கூலிதான். பிறந்தது இங்கே பதுளைத் தேயிலைத் தோட்டம் என்றாலும் பதிவில் இந்தியாக்காரன்.

“ஐயா, நம்மளயுமா அனுப்பிருவாங்க? எம் பொஞ்சாதி குப்பாயிக்கு இது நெறமாசங்க.”

“மந்திரிட கோவம் உனக்குத் தெரியாததா? சோடாப் போத்தல். பகல் சோறு விழுந்தா கேஸ் எறங்கிடும்.” ஸவாஹிர் குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டார். “நேத்து விருந்துல நின்ட நிலை... கால் இன்னும் விண்விண்ணென்டு குத்துது.”

அழகருக்கு மூச்சு வந்தது. ஸவாஹிரின் மேசை இழுப்பறை, அந்த லாச்சி, கந்தோர் முழுக்கப் பிரசித்தம். மந்திரி கோபத்தில் சொல்லும் தந்தியெல்லாம் அதற்குள் போகும். கோபம் தணிந்ததும் கிழியும்; மந்திரி மறந்தே போனால் அங்கேயே கிடக்கும். போன மாதம் மந்திரி பேசும்போது டில்லி அதிகாரி ஒருவர் கொட்டாவி விட்டார். அதற்கான போர் முழக்கம் இன்னும் அங்கேதான் தூங்குகிறது.

“இந்தக் கடுதாசிக் கட்டத் தபால் கந்தோர்ல குடுத்துட்டு வா” என்றார் ஸவாஹிர். அழகர் சீட்டியடித்துக்கொண்டு போய்க் கொடுத்துவிட்டு வந்தான்.

மத்தியானம் தூதுக்குழுத் தலைவரிடமிருந்து ஒரு கூடை மாம்பழம் வந்தது. கூடவே, ‘உங்கள் பேச்சைக் கேட்டுக் கண்கலங்கினேன்’ என்று ஒரு சீட்டு. மந்திரிக்கும் கண் கலங்கிற்று. இரண்டு பழம் உள்ளே போனதும் இந்தியா புண்ணிய பூமியாகிவிட்டது.

“தங்கமான மனுசன் காணும்! அந்தத் தந்தியைக் கிழிச்சுப் போடும்.”

“அது காலையிலயே போயிட்டு சேர். பேப்பர்காரனுக்கும் ஒரு கொப்பி குடுத்தாச்சி.”

மந்திரியின் முழங்கைவரை மாம்பழச் சாறு வழிந்தது. “ஐயோ! இனி நான் சொன்னதை மாத்தினா கவர்னர் சிரிப்பாரே! வழமையா லாச்சியிலதானே வைப்பீர்?”

கை கழுவத் தண்ணீர்ச் செம்போடு நின்ற அழகர் ஸவாஹிர் பக்கம் திரும்பினான். “ஐயா... நான் கொண்டுபோன கட்டுலயா அது இருந்துச்சி?”

ஸவாஹிர் குனிந்து கெண்டைக்காலைத் தேய்த்துக்கொண்டே மந்திரியிடம் சொன்னார்:

“உங்களுக்குச் செவ்வந்தியாவது போட்டாங்க சேர். எனக்குக் குந்துறதுக்கு ஒரு கதிரை போட்டாங்களா?”