ஒரு மணி நேரக் காவல்

“ஆரும் வண்டியைத் தொடாதீங்க! இருபது வளைவு தாண்டி வந்திருக்குது, பேட்டரி கொதிக்குது. உடனே சார்ஜ் போட்டா தீப்பிடிச்சுரும். ஒரு மணி நேரம் நான் காவல் இருக்கோணும்” என்றபடி வாசல் கட்டிலில் சாய்ந்தான் மாதேஸ்வரன்.

எஸ்டேட்டில் நாளெல்லாம் காப்பி மூட்டை சுமந்த உடம்பு. மின்சார ஸ்கூட்டர் வாங்கிய பிறகுதான் இந்த ஓய்வே வாய்த்தது. தண்ணீர் தூக்க, விறகு பிளக்க என்று மனைவி மாதம்மாள் இப்போதெல்லாம் கூப்பிடுவதே இல்லை.

கண்ணை மூடியவனுக்கு, உள்ளே மகள் இலக்கியாவின் குரல் கேட்டது.

“அம்மா, பேட்டரியைத் தொட்டுப் பாத்தேன். சில்லுனு இருக்குது! அப்பா டூப்பு உடறாரு.”

போச்சு, இனி விறகுதான் என்று நினைத்தான் மாதேஸ்வரன்.

“மெதுவாப் பேசு கண்ணு” என்றாள் மாதம்மாள். “எஸ்டேட் இருக்கறது மேல ஏற்காட்டுல. நம்ம ஊடு கீழ அடிவாரத்துல. சும்மா உருண்டு இறங்கி வர்ற வண்டிக்கு எங்கிருந்து சூடு வரும்? எனக்கு மொத நாளே தெரியும். பாவம், மனுசன் செத்த நேரம் படுத்திருக்கட்டும்னுதான் கண்டுக்கறதில்லை.”

மாதேஸ்வரன் அவசர அவசரமாகக் குறட்டை விடத் தொடங்கினான்.