அடக்க விலை

"கொஞ்சம் கிட்ட வாங்க புஷ்பவல்லி. சத்தமா பேச முடியாது."

"கிட்ட வரக் கூடாதுன்னு நீங்கதானுங்க சார் கதவுக்குக் கதவு போர்டு மாட்டியிருக்கீங்க."

வெங்கடகிருஷ்ணன் கார்க் கண்ணாடியை இன்னும் கொஞ்சம் இறக்கினார். நியூ ஜெர்சியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக்கில் அந்த முதியோர் இல்லத்துக்கு அவர்தான் நிர்வாகி. புஷ்பவல்லி அங்கே பெரியவர்களைக் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, படுக்கை மாற்றுகிறவள். ஊழியர் யூனியனின் பிரதிநிதியும் அவள்தான். யூனியன் விஷயத்தை ஆபீஸ் அறையில் கூப்பிட்டு வைத்துக் கேட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும். அதனால்தான் பார்க்கிங் லாட், அதுவும் கேமரா எட்டாத மூலை. அதனால்தான் தமிழ்.

கொரோனா கட்டடத்துக்குள் புகுந்துவிட்டிருந்தது. ஊழியர்கள் பாதுகாப்பு கவுன் இல்லாமல் குப்பைக் கவரில் ஓட்டை போட்டு மாட்டிக்கொண்டு வேலை பார்த்தார்கள். மாஸ்க் வாரத்துக்கு ஒன்று. ஸ்டிரைக் கெடு நாளைக் காலையோடு முடிகிறது.

ஆனால் அவருடைய பெரிய கவலை அது இல்லை. ஓனரும் அவரும் ரகசியமாகப் பேசுவதெல்லாம் யூனியனுக்குப் போய்க்கொண்டிருந்தது. ஸ்டிரைக் வந்தால் ஒரு ஏஜென்சியிலிருந்து மாற்று ஆட்களைக் கொண்டுவரலாம் என்று பேசினார்கள். மறுநாளே அந்த ஏஜென்சி வாசலில் யூனியன் கோஷம் போட்டது. ஃப்ளோரிடாவிலிருந்து ஓனர் காலையில் காதைக் கிழித்துவிட்டார். உளவு சொல்கிறவன் பெயர் சாயங்காலத்துக்குள் வர வேண்டும். வராவிட்டால் நாளை முதல் வெங்கடகிருஷ்ணனும் வர வேண்டாம்.

பிரின்டர் ரிப்பேர் பார்க்க வந்தவனைக்கூட அவர் விட்டுவைக்கவில்லை, பின்னாலேயே போய் வேவு பார்த்தார். பிறகு மீட்டிங்கையே வீட்டு பேஸ்மென்ட்டுக்கு மாற்றினார். அப்போதும் கசிந்தது. அப்படியானால் ஜூமில் இருந்த மூன்றாவது ஆள், கேமராவை அணைத்துவிட்டு உட்கார்ந்திருக்கும் அக்கவுன்டன்ட் ரஞ்சித்குமார்தான். இவள் வாயால் அந்தப் பெயர் வந்தால் போதும்.

"உள்ளேருந்து யாரோ உங்களுக்குச் சொல்றாங்க. பேரைச் சொல்லுங்க, தினம் புது மாஸ்க் தர்றேன்."

"எனக்குங்களா, எல்லாருக்குமா?"

"உங்களுக்கு."

"நான் மட்டும் மினுக்கிட்டு நின்னா ஆச்சுங்களா? வர்றேனுங்க." அவள் திரும்பி நடந்தாள்.

"இருங்க, இருங்க!"

கூப்பிடும்போதே அவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். நேற்று மீட்டிங்கில் ஓனர் கோடு கிழித்துக் கொடுத்திருந்தார்: ஷிஃப்ட்டுக்கு ஒரு மாஸ்க், கவுன், தொற்று வந்தவர்களுக்குச் சம்பளத்தோடு இரண்டு வார லீவு. அதற்கு மேல் ஒரு துரும்பும் கிடையாது. எப்படியும் கொடுக்கப்போவதைக் கொடுத்து, கொசுறாக ஒரு பெயரையும் வாங்கிவிட்டால் லாபம். மயிலாப்பூர்ப் பாத்திரக் கடைக்காரரின் மகன் அவர். அடக்க விலையை முகத்தில் காட்டாமல் இருக்கக் கல்லாவிலேயே பழகியவர்.

"சரி, எல்லாருக்கும். ரெண்டு நாளைக்கு ஒண்ணு."

"ஷிஃப்ட்டுக்கு ஒண்ணுங்க. பனியனா, ரெண்டு நாள் ஓட்டறதுக்கு?"

"ஓனர் என்னைக் கொன்னுடுவார்மா."

"எங்களை வைரஸ் கொஞ்சுமுங்களா?"

"ஷிஃப்ட்டுக்கு ஒண்ணு. முடிஞ்சுதா?"

"கவுனு?"

"நியூ ஜெர்சி முழுக்க ஸ்டாக் இல்லை. நான் எங்கே போவேன்?"

"சப்ளையர் கிடைச்சாச்சு, ஆர்டர் போடறதுதான் பாக்கின்னு கேள்விப்பட்டேனுங்க."

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. அதுவும் நேற்று ஜூமில் பேசியதுதான். ரஞ்சித்குமார், உன்னை அப்புறம் வெச்சுக்கறேன்!

"கவுன் உண்டு. கிளம்பலாமா?"

"நோவு வந்து படுத்தா சம்பளத்தோட லீவுங்க?"

"ஒரு வாரம்."

"ரெண்டு."

"சான்சே இல்லை."

"அப்ப நாளைக்குக் காலையில வாசல்ல பார்க்கலாமுங்க. கொடி பிடிக்க ஆள் இருக்கு."

"சரி, ரெண்டு! ரெண்டு வாரம்!"

அடுத்து என்ன கேட்கப்போகிறாளோ என்று அவர் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"போதுமுங்க சார்" என்றாள் புஷ்பவல்லி.

கோட்டைத் தொட்டாள், தாண்டவில்லை. அது அவருக்கு உறுத்தியது. கொடுக்கிற கை இருக்கும்போது எந்த வாடிக்கையாளர் போதும் என்று சொல்லியிருக்கிறார்?

"பேர்?"

"முதல்ல யூனியன் ஆபீசுக்கு மெயில் போடுங்க. ஓனருக்கும் காப்பி."

"என்மேல நம்பிக்கை இல்லையா?"

"இருக்குதுங்க. மெயில் மேல இன்னும் கொஞ்சம் ஜாஸ்தி."

அனுப்பினார். அவள் தன் போனில் வரி வரியாகப் படித்து, கட்டை விரலை உயர்த்தினாள்.

"நாளைக்கு ஸ்டிரைக் இல்லீங்க சார்."

"அதை விடுங்க. ரஞ்சித்குமார்தானே?"

"அட, அந்தத் தம்பி நாங்க வணக்கம் வெச்சாக்கூடத் திரும்பிப் பார்க்காதுங்க."

"அப்புறம் யாரு? ஓனர் லைன்ல வர்றார், பாருங்க!" டேஷ்போர்டில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

புஷ்பவல்லி முதல் தடவையாகக் காரின் அருகே வந்து குனிந்தாள்.

"கேட்டா மறைக்காம சொல்லிடுன்னு அவங்களே சொல்லிட்டாங்க. நேத்து நீங்க மீட்டிங் முடிச்சுப் படியேறி வர்றதுக்குள்ள, எதுவரைக்கும் கேட்கலாம்னு எங்களுக்கு மெசேஜ் போட்டது ஹம்சா மேடம்தானுங்க... வெறும் ஹம்சான்னு சொன்னா ஓனருக்குப் புரியாது, 'என் வீட்டுக்காரி'ன்னு சேர்த்தே சொல்லிடுங்க சார்."