பிஸ்தாவிடம் சொன்னது

வீட்டில் தனியாகக் கிடக்கும் நாய் பிஸ்தாவுக்குப் பொழுது போகட்டும் என்று ஞானசேகர் கூடத்தில் போனிலிருந்தே பார்த்துப் பேசக்கூடிய கேமரா ஒன்றை மாட்டியிருந்தான். கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போன மனைவி பரிமளா, அங்கிருந்தே போன் வழியாகத் தினமும் நாயோடு பேசுவாள். "உங்கப்பா சாப்பிட்டாரான்னு கேளுடா." ஆபீசில் தன் போனில் அதைக் கேட்கும் ஞானசேகரும் பிஸ்தாவிடம்தான் பதில் சொல்வான். "சாப்பிட்டாச்சுன்னு உங்கம்மாகிட்ட சொல்லு." நேருக்கு நேர் ஒரு வார்த்தை கிடையாது.

இன்று தடுப்பூசி போட பிஸ்தாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்திருந்தான். வழக்கம்போல் மதியம் போனைத் திறந்தான். காலி சோபா. அவளுக்கும் அதுதான் தெரிந்திருக்கும். ஆனாலும், "பிஸ்தா, என்னை வந்து கூட்டிட்டுப் போகச் சொல்லுடா" என்றாள்.

மடியிலிருந்த பிஸ்தா காதை நிமிர்த்தி அவன் முகத்தையே பார்த்தது.