பம்புச் சத்தம்

“திருப்பு.”

அவள் சாவியைத் திருப்பினாள்.

இஞ்சின் சுற்றிச் சுற்றி ஓய்ந்தது. பிடிக்கவில்லை.

“மறுக்கா.”

பட்டறைக்குச் சோறு கொண்டுவந்த மனைவியைச் சென்னியப்பன் வண்டிக்குள் உட்காரவைத்துவிட்டார். தூக்குப்போசி பெஞ்சின் மேல் ஆறிக்கொண்டிருந்தது. அதன் பக்கத்தில் அவருடைய கைப்பேசி அடித்தது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வசந்தாமணிதான் இறங்கிப்போய் எடுத்தாள். அழைத்தவர் வண்டிக்குச் சொந்தக்காரர்.

“சாயங்காலம் ஆயிருமுங்க” என்றாள். நேற்றும் அதையேதான் சொல்லியிருந்தாள்.

பெட்ரோல் இருக்கிறது. இஞ்சினுக்குப் போய்ச் சேரவில்லை. அது சென்னியப்பனின் கணிப்பு. டேங்குக்குள் கிடந்து பெட்ரோலை முன்னால் தள்ளும் பம்பு, சாவியைத் திருப்பியதும் முனக வேண்டும். முனகவில்லை. செத்துவிட்டது என்று புதிது வாங்கி மாட்டினார். அதுவும் முனகவில்லை. ப்யூஸை மாற்றினார். ரிலேயை மாற்றினார். ஒயரை எல்லாம் பிரித்துப் போட்டார்.

கழற்றிய பின் சீட் சுவரோரம் சாய்ந்து கிடந்தது. சீட் இருந்த இடத்தில் அவர் குப்புறப் படுத்து, டேங்க் மூடிமேல் காதை வைத்திருந்தார்.

“ஸ்டார்ட் பண்ணாத. சாவிய பாதியில நிறுத்து. பம்பு மட்டும் ஓடோணும்.”

நிறுத்தினாள்.

அவள் முதுகுக்குப் பின்னால் சன்னமாக ஒரு ரீங்காரம் எழுந்தது. இரண்டு மூச்சு நேரம். நின்றது.

“சனியன். ஓடவே மாட்டேங்குது” என்றார்.

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“ஓடுச்சுங்களே.”

“என்ன?”

“ஓடுச்சுங்க. சத்தம் கேட்டுச்சு.”

“அது பக்கத்து மில்லுச் சத்தம். நீ பேசாம இரு புள்ள.”

“மில்லு இன்னிக்கு லீவுங்க.”

எழுந்து உட்கார்ந்தார். எண்ணெய்க் கையால் துடைத்ததில் நெற்றியில் கறுப்பாக ஒரு கோடு.

“இத்தன வருசமா காத வெச்சே கண்டுபுடிக்கறவன் நானு. எனக்கே சொல்லித் தரியா?”

அவளுக்கும் பொறுமை போய்விட்டது. வீட்டிலும் இதே கதைதான். கூப்பிட்டால் பதில் இல்லை. சத்தமாகக் கூப்பிட்டால், ஏன் கத்துகிறாய் என்று சண்டை.

“பிரஷர் மீட்டர மாட்டிப் பாருங்க. நான் பொய் சொல்றேன்னே வெச்சுக்கங்க. மீட்டருமா பொய் சொல்லும்?”

அவள் வாயை அடைப்பதற்காகவே மீட்டரைத் தேடியெடுத்தார். பானெட்டுக்குள் பெட்ரோல் குழாயில் மாட்டி, பானெட்டைத் தாழ்த்திவிட்டு, இரண்டு பேருக்கும் தெரிகிற மாதிரி முன்கண்ணாடியோரம் வைத்தார்.

“திருப்பு.”

ரீங்காரம் எழுந்தது. முள் விறுவிறுவென்று ஏறியது. நிற்க வேண்டிய இடத்தில் போய் நின்றது.

மீட்டரை விரலால் தட்டினார். அழுத்தத்தை இறக்கிவிட்டு மறுபடியும் திருப்பச் சொன்னார்.

ஏறியது.

அடுத்த முறை அவர் மீட்டரைப் பார்க்கவில்லை. கண்ணாடி வழியாக அவள் முகத்தைப் பார்த்தார்.

“இப்பவும் கேக்குதா?”

“கேக்குதுங்க.”

அவள் குரல் தாழ்ந்துவிட்டது. அவர் புருவத்தைச் சுருக்கினார். அவள் தலையை ஆட்டிக் காட்டினாள்.

அவர் மீட்டரைக் கழற்றிக் கீழே வைத்தார்.

“அப்ப, கோளாறு வேற எங்கியோ இருக்குது. கழட்டிப் போட்டமே பழைய பம்பு. அதும் நல்லாத்தான் இருந்திருக்கும்.”

கூப்பிட்டும் அவர் திரும்பாத நாள்களுக்கெல்லாம் அவள் திமிர் என்றுதான் பெயர் வைத்திருந்தாள்.

அவர் பின்பக்கம் போனார். இந்த முறை காதை வைக்கவில்லை. டேங்க் மூடிமேல் உள்ளங்கையை விரித்து வைத்தார்.

“திருப்பு புள்ள.”

திருப்பினாள்.

“கையில தெரியுது” என்றார்.

பம்பு நின்ற பிறகும் கையை எடுக்கவில்லை.