பெண்புலவரின் வீட்டுக்காரர்

டெபுடி கலெக்டரின் டோலி பாதி மலை ஏறிவிட்டதாக ஆள் வந்து சொன்ன பிறகுதான் கண்காட்சிக் கமிட்டித் தலைவர் வெங்கிடுசாமி பெண்புலவர் சிலையின் கழுத்தைப் பார்த்தார்.

கழுத்தில் ஒன்றுமில்லை.

"ஏனுங்க, தாலி எங்கீங்க?" என்றார் செயலாளர் பொங்கியண்ணனிடம், என்னவோ அவர்தான் கழற்றி மடியில் வைத்திருப்பது போல.

இருவரும் சேந்தமங்கலத்துப் பெரிய மனிதர்கள். கொல்லிமலையில் கைத்தொழில் கண்காட்சி நடத்தி மலைவாசிகளை முன்னேற்றியே தீர்வது என்று அடிவாரத்தில் உட்கார்ந்து தீர்மானம் போட்டவர்கள். வெங்கிடுசாமிக்கு வெள்ளைக்காரன் கொடுக்கும் ராவ் சாகிப் பட்டத்தின் மேல் வேறு ஒரு கண்.

பந்தலின் நடுவே நின்றது காகிதச் சிலை. எந்தக் காலத்திலோ இந்த மலையைப் பாடிய பெண்புலவராம். பெயர் என்ன என்பதில் கமிட்டி ஒத்துப்போகாததால் அட்டையில் 'பெண்புலவர்' என்று மட்டும் எழுதியிருந்தார்கள்.

வெந்தயம் சேர்த்து அரைத்த காகிதக் கூழில் அதைச் செய்தவள் மலைமேல் ஆலத்தூர் நாட்டு அம்சவேணி. பனியில் காயமாட்டேன் என்று அடம்பிடித்த சிலையை அடுப்படியில் நிறுத்திக் காய வைத்தவள். தன் மலையைப் பாடியவளுக்கு இன்றைக்கு மாலை விழும், அதைக் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று விடியும் முன்பே வந்து நின்றிருந்தாள்.

பெரிய மனிதர்களுக்கோ வேறு கவலை.

பெண்புலவர் கல்யாணமாகாதவள் என்றால் அந்த வயதுக்கு அசிங்கம். விதவை என்றால் திறப்பு விழாவில் முன்னால் நிறுத்த முடியாது. சுமங்கலி என்றால், வீட்டுக்காரர் எங்கே?

பொங்கியண்ணன்தான் வழி கண்டுபிடித்தார்.

விவசாயப் பகுதியில் அம்சவேணி செய்த காகித உழவன் ஒருவன் ஏர் பிடித்து நின்றான். அவனை ஏரிலிருந்து பிரித்துத் தூக்கிவந்து, தம் சரிகைத் துண்டைப் போர்த்தி, பெண்புலவருக்குப் பக்கத்தில் நிறுத்தினார். அவள் கழுத்தில் மஞ்சள் கயிறும் ஏறியது. மேளம்தான் குறை.

ஏர் போனதும் மாப்பிள்ளையின் கை வெறுமையாகத் தெரிந்தது. பெண்புலவர் கையிலிருந்த ஓலையையும் எழுத்தாணியையும் பிடுங்கி அவன் கையில் செருகினார்கள். ஆள் எடுப்பாகத்தான் இருந்தான். அவன் துண்டு தொங்கி 'பெண்புலவர்' அட்டையை மறைத்ததை யாரும் கவனிக்கவில்லை.

அம்சவேணி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"நீ சித்த சும்மா இரு கண்ணு" என்றார் வெங்கிடுசாமி.

டெபுடி கலெக்டர் வந்தார். ஓலையைப் பார்த்தார். எழுத்தாணியைப் பார்த்தார். பெரும்புலவரே என்று கும்பிட்டு, உழவன் கழுத்தில் மாலையைப் போட்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"பக்கத்திலே இந்த அம்மாள் யார்?"

"அவரு சம்சாரமுங்க" என்றார் பொங்கியண்ணன்.

அம்சவேணி விறுவிறுவென்று முன்னால் வந்தாள். மஞ்சள் கயிற்றை அவிழ்த்து உழவனின் காலடியில் வைத்தாள். பெண்புலவரைத் தூக்கித் தோளில் சாய்த்துக்கொண்டாள். காகிதம்தானே, கனமில்லை.

வெங்கிடுசாமி பதறிப்போனார். "ஏ புள்ள, எங்க தூக்கிட்டுப் போற?"

"புருசன் புடிக்கலைன்னா எங்க மலையில பொம்பள அவங்கூட இருக்கமாட்டாளுங்க. தாய் ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போறனுங்க."

கூட்டத்திலிருந்த மலைப் பெண்கள், நியாயம்தானே என்று தலையாட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.