காடைக்குக் கிடைத்த ரிப்பன்

சரக்... சரக்... என்று வேர் பிடுங்கும் சத்தம்தான் முதலில் வந்தது. அப்புறம்தான் ஆட்கள் தெரிந்தார்கள். மான்களுக்குப் புல் வளரட்டும் என்று, வனத்துறையின் விலங்கியல் நிபுணரான அம்மா ஒருவர் காட்டில் மண்டிக் கிடந்த உண்ணிச்செடியை வேரோடு எடுக்கச் சொல்லியிருந்தார்.

முயல் ஒரே ஓட்டம். காடை மட்டும் தன் ஆறு முட்டைகள் மேல் அசையாமல் உட்கார்ந்திருந்தது. நெஞ்சு மட்டும் படபடவென்று அடித்தது. செடியை விலக்கிய அம்மா அதைப் பார்த்துவிட்டார்.

"இந்தப் புதரை விட்டுடுங்கப்பா" என்று கிளையில் சிவப்பு ரிப்பன் ஒன்றைக் கட்டிவிட்டுப் போனார்.

சாயங்காலம் முயல் வந்தது. "என் புதர் போச்சு. உனக்கு மட்டும் ரிப்பனா? மேலிடத்துல யாரைப் பிடிச்சே அக்கா?"

"யாரையும் பிடிக்கலப்பா. உட்கார்ந்திருந்தேன், அவ்வளவுதான்."

"அவ்வளவுதானா! நாளைக்கு ஓடைப் பக்கம் பிடுங்குறாங்க. நானும் ஒரு புதருக்குள்ள உட்கார்ந்து ரிப்பன் வாங்கிக் காட்டுறேன்."

"தொடுற தூரத்துக்கு ஆள் வந்தாலும் நகரக் கூடாது தம்பி."

"இதென்ன பிரமாதம்! யானையே வந்தாலும் நான்..."

பின்னால் சரக் என்றது. காடை திரும்பிப் பார்த்தது. காய்ந்த தேக்கிலை ஒன்று விழுந்திருந்தது. மறுபடி இந்தப் பக்கம் பார்த்தால் முயலைக் காணோம். தூரத்து மேட்டில் வெள்ளையாக ஒரு வால் துள்ளி மறைந்தது.

காடை அலகால் முட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வைக்க ஆரம்பித்தது.