ஜோசையா செய்த சத்தியம்

"மலையைத் தாண்டி மேற்கே போறியாமே? கட்டின பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா உனக்கு?"

மார்லீன் போட்ட சத்தத்தில், பீப்பாய்க்கு வளையம் அடித்துக்கொண்டிருந்த கர்ட்டிஸின் சுத்தியல் நின்றது. வாசலில் நின்ற சுற்றுலாக் கூட்டம் கைபேசிகளைத் தூக்கியது.

அமெரிக்காவின் வர்ஜீனியாவில், சுற்றுலாப் பயணிகளுக்காக ஆட்கள் வேடம் போட்டு நடித்துக் காட்டும் அந்தப் பழங்காலக் கிராமத்தில் வருடம் எப்போதும் 1774 தான். கர்ட்டிஸ் அங்கே பீப்பாய் செய்யும் ஜோசையா. மார்லீன் ஜோசையாவின் மனைவி. வேடத்தைக் கழற்றினாலும் இருவரும் புருஷன் பெண்டாட்டிதான். பார்வையாளர் ஒருவர் கண்ணில் பட்டாலும் 1774-ஐத் தாண்டி ஒரு வார்த்தை பேசக் கூடாது. கார், கரண்ட் என்று வாய் தவறினால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள்.

அன்று காலை உடை மாற்றும் அறையில் தையல்காரி பானி வெகு சாதாரணமாகக் கேட்டாள். "உன் வீட்டுக்காரர் கலிஃபோர்னியா போறாராமே? ஒரு ஜோடி தவிர எல்லா உடுப்பையும் திருப்பிக் குடுத்துட்டாரு. நீ எப்பக் குடுக்கப்போற?"

மார்லீனுக்குத் தூக்கிவாரிப் போட்டது. துருவித் துருவிக் கேட்டதில் மிச்சமும் வந்தது. தங்க வேட்டைக் காலத்தை நடித்துக் காட்டும் இதே மாதிரி ஊர் ஒன்றில் கர்ட்டிஸுக்கு ஷெரீப் வேடம். தங்குவதற்குத் தனி ஆள் அறை. அவனைத் தேடிப் பிடிப்பதற்குள் கூட்டத்தை உள்ளே விட்டுவிட்டார்கள். சாயங்காலம் வரை பொறுத்திருக்க அவளால் முடியவில்லை. கலிஃபோர்னியாவை மலை தாண்டிய மேற்காக மாற்றிக்கொண்டு கிளம்பி வந்துவிட்டாள்.

"யார் சொன்னா உனக்கு?" கர்ட்டிஸின் குரல் இறங்கியிருந்தது.

"ஊரே சொல்லுது! கூட இருக்கிறவளுக்குத்தான் கடைசியாத் தெரியுது!"

"இங்க என்ன இருக்கு, சொல்லு. அரசர் போடுற வரியில பீப்பாய் வித்து வயிறு நிறையுமா? அங்க போனா நிலம் கிடைக்கும்..."

"நிலமா? போன குளிர்காலத்துல எங்கம்மா படுத்த படுக்கையாக் கிடந்தாங்களே, ஒரு நாள் வந்து எட்டிப் பார்த்தியா? அப்பவும் நான் வாயைத் திறக்கல. என்னை விட்டுட்டுப் போறதுன்னா, இதோ, இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டுப் போ!"

"விடாதீங்கம்மா! நல்லா உறைக்கிற மாதிரி கேளுங்க!" என்றாள் கூட்டத்தில் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்த ஒரு பெண்மணி.

கர்ட்டிஸ் சுத்தியலைக் கீழே வைத்தான். தொப்பியைக் கழற்றினான். மரச்சீவல்களின் மேல் மண்டியிட்டு மார்லீனின் கையைப் பிடித்துக்கொண்டான். அவன் கண்கள் நிஜமாகவே கலங்கியிருந்தன.

"புத்தி கெட்டுப்போச்சு எனக்கு. நீ இல்லாத ஊர்ல தங்கமே கொட்டிக் கிடந்தாலும் எனக்கு எதுக்கு? போகல. கடவுள் மேல சத்தியமாப் போகல."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. மார்லீனின் கோபமெல்லாம் இருந்த இடம் தெரியாமல் போயிற்று. கூட்டம் கை தட்டியது. அவள் ஏப்ரனால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

சாயங்காலம், ஊழியர்கள் காரை நிறுத்தும் இடத்தில் அவளே அவன் தோளைத் தொட்டாள்.

"காலைல ரொம்பக் கத்திட்டேன். மனசுல வச்சுக்காத. போற வழியில உனக்குப் பிடிச்ச கோழி வறுவல் வாங்கிட்டுப் போலாமா?"

கர்ட்டிஸ் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "எனக்கு மூட்டை கட்டுற வேலை இருக்கு. சனிக்கிழமை சாயங்காலம் ஃபிளைட்."

"போகலன்னு சொன்னியே? மண்டி போட்டு சத்தியம் பண்ணினியே!"

"பின்ன என்ன பண்றது? சுத்தி அவ்வளவு ஜனம் நிக்குது. எப்படியாவது காட்சிய முடிக்கணுமில்ல?" அவன் சலித்துக்கொண்டான். "சத்தியம் பண்ணினது ஜோசையா. போறது கர்ட்டிஸ். இது கூடவா புரியல உனக்கு?"

மார்லீனுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காரில் ஏறிக் கதவைப் படாரென்று சாத்தினாள்.

சனிக்கிழமை கடைசிக் காட்சி. குடித்துவிட்டு ரகளை செய்த ஜோசையாவைக் காவலர் பிடித்து, தலையையும் கைகளையும் தண்டனைக் கட்டையின் ஓட்டைகளுக்குள் வைத்துப் பூட்டுவார். மனைவி அழுது கெஞ்சி, சாவியை வாங்கி, அவனை விடுவிப்பாள். தினமும் நடக்கிற கூத்துதான். அன்றும் மார்லீன் நன்றாகவே அழுதாள். காவலர் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

"சீக்கிரம் திற," என்று கிசுகிசுத்தான் கர்ட்டிஸ். "பெட்டியெல்லாம் கார்லயே இருக்கு. இப்படியே கிளம்பினாத்தான் சரியா இருக்கும்."

மார்லீன் சாவியை ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு, கட்டைக்குப் பக்கத்துப் படியில் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

"ஏய், விளையாடாத! திறடி!" கழுத்தைத் திருப்ப முடியாமல் அவன் கூட்டத்தைப் பார்த்துக் கத்தினான். "யாராவது அவகிட்ட சொல்லுங்களேன்! எனக்கு விமானத்துக்கு நேரமாச்சு!"

"விமானமா? அப்படின்னா என்னங்க?" மார்லீன் கூட்டத்தைப் பார்த்துக் கையை விரித்தாள். "ஆகாயத்துல பறந்து போகப்போறானாம். பாவம், இன்னும் போதை தெளியல!"

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவே அவள் எழுந்து வந்து அவன் காதருகில் குனிந்தாள்.

"ஃபிளைட் கர்ட்டிஸுக்குத்தானே? கட்டையில மாட்டியிருக்கிறது ஜோசையா. அவன்தான் போக மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கானே!"